இரண்டாம் பெயர்

மிக்ஜாம் புயல் கடந்த மூன்றாம் நாள், 2023 டிசம்பர் 7 காலை, முடிச்சூரில் என் வீட்டுக் கூடத்தில் கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். பாலிசி எண்ணைச் சொன்னேன்.

"மேடம், இந்தப் பாலிசி ஆகஸ்ட்லயே கேன்சல் ஆகியிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

யார் கேன்சல் செய்தது என்று கேட்டேன்.

"கஸ்டமர் ரிக்வெஸ்ட்னு இருக்கு."

"நான்தாம்மா கஸ்டமர்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீங்க செகண்ட் நேம் மேடம்" என்றாள்.

2015 வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு வாங்கிய வீடு. தண்ணீர் ஏறிய பகுதி என்பதால் விலை இறங்கியிருந்தது, தரைத்தளம் என்பதால் இன்னும் கொஞ்சம். நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை, இனி நம் காலத்தில் வராது என்றார்கள். நான் நம்பவில்லை. வீட்டுக் கடனோடு வங்கியில் ஒட்டித் தரும் காப்பீட்டைத் தலையில் கட்டிய செலவு என்று தோழிகள் திட்டுவார்கள். நான் விரும்பித்தான் எடுத்தேன். பத்து வருடத்துக்கு ஒரே பிரீமியம், அதையும் கடன் தொகையில் சேர்த்துவிட்டார்கள். மாதாமாதம் என் சம்பளக் கணக்கிலிருந்து போன ஈஎம்ஐயில் அந்தப் பிரீமியமும் இருந்தது, அதற்கான வட்டியும் இருந்தது.

விண்ணப்பத்தை நிரப்பிய வங்கிக்காரர், "சார் பேரு முதல்ல இருக்கட்டும்" என்று அவராகவே எழுதிக்கொண்டார். அன்றைக்கு என் சம்பளம்தான் அதிகம். இருந்தும் நான் பேசவில்லை. எத்தனையோ இடங்களில் கையெழுத்துப் போட்டுக் கை வலித்தது, இதைப் போய் ஒரு விஷயமாக்க வேண்டுமா என்றிருந்தது. முனைவர் பட்டத்துக்காகப் பாட வேறுபாடுகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டவள், என் வீட்டுத் தாள்களில் பெயர் வரிசை என்னவெல்லாம் செய்யும் என்று படித்துப் பார்க்கவில்லை.

2021இல் பிரிந்தோம். அவர் கோயம்புத்தூர் போய்விட்டார். வீடு இருவர் பெயரிலும், குடும்ப நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஈஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் என்னிடமிருந்து போனது.

அன்று மாலை அவரிடம் கேட்டேன். "என் பேர்ல இருந்த கார்டு, பாலிசி எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டிருந்தேன். அது வீட்டோடதுன்னு கவனிக்கல" என்றார். திரும்பி வந்த தொகை 2,870 ரூபாய். ஒரு மணி நேரத்தில் அதை எனக்கு ஜிபேயில் அனுப்பினார். அவர் வேண்டுமென்றே செய்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அப்படியில்லை. கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் மகனும் படுத்துறங்கும் கூரையைக் கவனிக்கவில்லை.

இல்லாள் என்றால் வீட்டுக்கு உரியவள், அதன் ஆண்பாலாகத் தோன்றும் இல்லான் என்றால் ஒன்றுமற்றவன் என்று ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்வேன். மாணவிகள் சிரிப்பார்கள், சிலர் குறித்துக்கொள்வார்கள். அந்த டிசம்பருக்குப் பிறகு ஒரு பருவம் முழுவதும் அந்த இடம் வந்தபோது வேகமாகக் கடந்து போனேன்.

நனைந்தவற்றில் என் ஆய்வுக் குறிப்பட்டைகள் இருந்தன. கவிதை நோட்டுகள் நான்கு. பாலிசி உயிரோடு இருந்திருந்தாலும் இவற்றுக்கு ஒரு பைசா வந்திருக்காது. கடனோடு வரும் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான், ஏனென்றால் வங்கியிடம் அடமானமாக இருப்பது கட்டடம். உள்ளே இருக்கும் பொருள்களுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீடு வாங்கப் போகிறவர்கள் இதையாவது குறித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒயரிங், கதவுகள், பூச்சு, கழிவறைக் குழாய்கள் ஆகியவற்றுக்கு. பில்களைக் கூட்டினால் 1,86,400 ரூபாய்.

ஜனவரியில் மறுப்புக் கடிதம் வந்தது. இழப்பு நேர்ந்த தேதியில் பாலிசி நடப்பில் இல்லை என்று இரண்டு வரி. சர்வேயரை அனுப்பவே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் நேராக ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கே எழுத வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோதான் அடுத்த படி. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளவும் முடியாது, நாமேதான் பேச வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

பாலிசி அட்டவணையை வரி வரியாகப் படித்தேன். காப்பீடு பெற்றவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். கீழே வங்கியின் பெயர். இழப்பீடு வந்தால் கடன் பாக்கியிருக்கும்வரை அதற்குத்தான் முதல் உரிமை. ரத்து செய்த ஆவணங்களைக் கேட்டு மூன்று முறை எழுதினேன். வந்தபோது சிரிப்பதா என்று தெரியவில்லை. அவருடைய செல்லுக்கு ஓடிபி போயிருக்கிறது. வங்கிக்கு மின்னஞ்சல் போய், ஆட்சேபணை இல்லை என்ற பதிலும் வந்திருக்கிறது. கடன் கொடுத்தவரைக் கேட்டார்கள், வீட்டைவிட்டுப் போனவரைக் கேட்டார்கள். உள்ளே இருந்தவளுக்கு ஒரு குறுஞ்செய்தி கூட இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2024 ஜூனில், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கை வந்தது. தனிநபர் பாலிசியை, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்துக்காக நிறுவனம் ரத்து செய்ய முடியாது. அதற்கும் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பாலிசிதாரர் மட்டும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ளலாம். நல்ல விதிதான். கம்பெனியிடமிருந்து பாலிசிதாரரைக் காப்பாற்றுகிறது. பாலிசிதாரர்கள் இருவராக இருந்து, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருக்கும் வீட்டைப் பற்றி எழுதியவர்களுக்கு நினைவு வரவில்லை போலும்.

ஜூலையில் விசாரணை. நிறுவனத்தின் சார்பில் வந்த இளைஞர், முதல் பெயர்க்காரரின் கோரிக்கையை இருவரின் கோரிக்கையாக எடுத்துக்கொள்வதுதான் தங்கள் நடைமுறை என்றார். ஆம்புட்ஸ்மேன் பாலிசியைப் புரட்டிவிட்டு, அந்த நடைமுறை இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். இளைஞர் தேடினார். அவர் தேடிய அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் ஒரு பத்துப் பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.

சமரசமாக 1,12,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள். சர்வே நடக்காததால் புகைப்படத்தில் தெரிந்ததற்கு மட்டும். முழுதாகக் கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம் என்று மாடி வீட்டு அக்கா இன்றைக்கும் சொல்கிறார். போயிருக்கலாம். அடுத்த மழைக்காலம் மூன்று மாதத்தில் இருந்தது, எனக்கு ஒயரிங் வேண்டியிருந்தது.

பணம் அனுப்புவதற்கான படிவம் வந்தது. கூடவே, 'கேன்சல்' என்று குறுக்கே எழுதிய காசோலை ஒன்று வேண்டும் என்றிருந்தது. முதல் பெயர்க்காரருடையது. சமரச உத்தரவின் நகலை இணைத்து, புகார் செய்தவர் யார் என்பதை அடிக்கோடிட்டு மறுபடி எழுதினேன். மேலும் மூன்று வாரம் ஆனது.

புதுப் பாலிசி என் பெயரில், பொருள்களையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியன் வந்து, ப்ளக் பாயின்டுகளை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்டார். சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டினேன். அதற்கு ஒரு முழம் மேலே பென்சிலால் கோடு போட்டார். இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் அண்ணா என்றேன்.