சும்மா வேலைக்குப் போன கதை

எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் குரங்கு என்றால் ஓட்டைப் பிரிக்கும், விரட்டியடிக்க வேண்டிய சங்கதி. அதன் பின்னாலேயே நாள் முழுக்க அலையப் போகிறேன், சம்பளம் கிடையாது என்று சொன்னதும் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

வால்பாறையில் சிங்கவால் குரங்கு ஆய்வு. தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு.

விடியுமுன்னே குரங்குக் கூட்டம் படுத்த மரத்தடிக்குப் போய்விட வேண்டும். பிறகு குறித்த இடைவெளியில், கண்ணில் படும் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். தின்கிறதா, நகர்கிறதா, பேன் பார்க்கிறதா, சும்மா இருக்கிறதா? சண்டையை மட்டும் எழுதினால் குரங்கு சண்டைக்காரனாகவே தெரியும் அல்லவா? அதைத் தவிர்க்க ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒழுங்குபடுத்தித் தந்த முறைகளில் ஒன்று இது. என் நோட்டில் பக்கம் பக்கமாய் ‘சும்மா’தான். இதற்கிடையில், காலுக்கு உறை மாட்டினாலும் அட்டை எப்படியோ ஏறிவிடும்.

எனக்குக் காட்டைக் காட்டியவர் காடர் பழங்குடி அண்ணன் ஒருவர். நான் பைனாகுலரில் இலைகளைத் துழாவிக்கொண்டிருக்க, அவர் தரையைப் பார்ப்பார். குரங்கு தின்று போட்ட வெடிப்பலாவின் முள்தோல் ஈரம் காயாமல் கிடக்கும். “மேலதான் இருக்கு தம்பி, பேசாம நில்லு.” நிமிர்ந்தால் இருக்கும். ஆய்வேடுகளில் இவரைப் போன்றவர்களுக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தால் பெரிது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர்கள் என்னைத் தியாகி என்றார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஆவணியில் வீராணம் ஏரித் தண்ணீர் வந்ததும், எனக்கும் சேர்த்துச் சம்பா நாற்றங்காலில் இறங்கியது என் அண்ணன். என் செல்போனுக்குப் பணம் போட்டதும் அவர்தான். என்னைவிடக் காட்டின்மேல் பித்துள்ள, கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பையனால் அப்படிப் போயிருக்க முடியாது. சம்பளமில்லாத வேலையை வாசலில் வைத்தால், வீட்டில் சோறுள்ளவன்தான் உள்ளே வருவான்.

போக நினைக்கும் பிள்ளைகளே, போங்கள். பஸ் செலவு யாருடையது, பாம்பு கடித்தால் வண்டி உண்டா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டுப் போங்கள். ஆய்வு நடத்துவோரே, நிதிக்கு எழுதும்போதே கள உதவியாளர் சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.