பாடகியும் சுவைஞரும்: ஓர் இசைத்தொகுப்பு எழுப்பிய வினா

கலைஞரைப் பற்றிய ஆய்வுகள் பெருகிய அளவுக்குச் சுவைஞரைப் பற்றிய ஆய்வுகள் பெருகவில்லை. பாடலைக் கேட்பவன் அதனை ஏற்றுக்கொள்ளும் வெறுங் கலமாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றான். ஆயின், சுவைஞரும் ஒரு தரப்பினராக எழுந்து நின்று, கலைஞரிடம் உரிமையுடன் கணக்குக் கேட்கும் வேளைகள் உண்டு. அமெரிக்கப் பாடகி ஆனி டிஃபிராங்கோ 1996 ஆம் ஆண்டு வெளியிட்ட 'டைலேற்' என்னும் இசைத்தொகுப்பு அத்தகைய வேளையொன்றினைத் தோற்றுவித்தது. பெண்ணொருத்தியின் அகவாழ்வின்மீது அவளுடைய தோழியருக்கேனும் உரிமை உண்டோ என்னும் வினா, அத்தொகுப்பினைக் கேட்டோரின் கருத்துக்களிடையே பொதிந்து கிடந்தது.

நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1970 இல் பிறந்த டிஃபிராங்கோ, பதின்ம வயதிலேயே தனித்து வாழத் தலைப்பட்டவர். மதுச்சாலைகளிலும் கல்லூரி மண்டபங்களிலும் கிற்றாருடன் தனியே நின்று, தாமே இயற்றிய பாடல்களைப் பாடியவர். பெரும் இசைத்தட்டுக் கம்பனிகளின் அழைப்பை ஏற்காது, 'ரைற்றியஸ் பேப்' என்னும் தமது சொந்த வெளியீட்டு நிறுவனத்தை 1990 இல் தொடங்கினார். தொடக்கத்தில் அவருடைய ஒலிநாடாக்கள் இசையரங்குகளிலேயே கைக்குக் கை விற்பனையாகின. கருக்கலைப்பு, பெண்ணுடல் மீதான வன்முறை, ஆணையும் பெண்ணையும் நேசிக்கவல்ல தமது இயல்பு ஆகியவற்றை மறைப்பின்றிப் பாடினார். வேறெங்கும் தம் குரலைக் கேட்டறியாத இளம் பெண்கள் பலர் அவர் பாடல்களிலே அதனைக் கேட்டனர். 'இவர் நம்மவர்' என்ற உறவுணர்வு இவ்வாறு உருவாயிற்று.

'டைலேற்' இவ்வுறவினைச் சோதனைக்குட்படுத்தியது. பெரும்பாலான வாத்தியங்களைத் தாமே இசைத்து அவர் உருவாக்கிய இத்தொகுப்பு, அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதல் நூறு இடங்களுக்குள் வந்தது. ஆயின், இதன் பெரும்பகுதி ஓர் ஆணின்மேற் கொண்ட காதலையும் அக்காதல் தந்த அலைக்கழிப்பையும் சினத்தையும் பேசிற்று. கேட்டோர் கருத்துக்கள் மூவகைப்பட்டன எனலாம். நமக்காகப் பாடியவர் இன்று ஓர் ஆணுக்காக அழுகிறார் என மனங்கசந்தோர் ஒரு சாரார். இத்துணை வெளிப்படையாகத் தன் தோல்வியைப் பாடிய பெண் வேறெவர் என வியந்தோர் மற்றொரு சாரார். மின்கிற்றாரின் முரட்டொலி பழைய எளிமையை விழுங்கிவிட்டதா, வளப்படுத்திற்றா என ஆராய்ந்தோர் மூன்றாமவர்.

மூன்றாவது சாராரின் கேள்வி நாட்டார் இசையுலகிற்குப் புதிதன்று. 1965 இல் நியூபோர்ட் நாட்டார் இசைவிழாவில் பொப் டிலன் மின்கிற்றாரை ஏந்தியபோது, அவையோரில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். நாட்டார் பாடல் ஒருவர்க்கும் தனியுடைமையாகாதது. ஊராரின் பொதுச் சொத்து. அம்மரபினைத் தழுவிப் பாடுவோரையும் பொதுச் சொத்தாகவே கேட்போர் கருதத் தலைப்படுவது இயல்பே. எனினும், இரு நிகழ்வுகளுக்கும் இடையே வேறுபாடு ஒன்றுண்டு. டிலன் எந்த வாத்தியத்தை ஏந்தினார் என்பதன்மேல் எழுந்தது முன்னைய குறை. டிஃபிராங்கோ யாரை நேசித்தார் என்பதன்மேல் எழுந்தது பின்னையது. நீ யாரை நேசிக்கலாம் எனப் பெண்ணுக்கு விதித்த உலகினை எதிர்த்தெழுந்த இயக்கத்தின் நடுவிலிருந்தே அவ்விதி மீண்டும் ஒலித்தமை சிந்தனைக்குரியது.

மனங்கசந்தோரை எளிதிற் புறந்தள்ளுதலும் நேர்மையாகாது. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்குத் தன் வாழ்வினைப் பாடும் பாடல்கள் அரிதாகவிருந்த காலம் அது. கிடைத்த ஒரு குரலும் கைநழுவுகின்றதோ என்ற அச்சமே அவர்தம் சினத்தின் வேர். அந்த இழப்பு மெய்யானது. அதற்குரிய பொறுப்பைப் பாடகியின்மேற் சுமத்தியதே பொருந்தாதது. அவர் தம் இயல்பினை 1992 ஆம் ஆண்டுப் பாடலொன்றிலேயே கூறியிருந்தார். ஒரு பாதியை மட்டும் கேட்டு மறு பாதியை மறந்தோர் சுவைஞரே.

தனிமனித அனுபவமும் அரசியலே என்பது பெண்ணிலைவாதத்தின் அடிப்படைக் கூற்றுக்களுள் ஒன்று. கரோல் ஹனிஷ் எழுதி 1970 இல் வெளிவந்த கட்டுரையொன்றினால் அக்கூற்றுப் பரவலாயிற்று. பெண்களுடைய தனித்துயர்களுக்குச் சமூகக் காரணங்கள் உண்டு என்பதே அதன் உட்பொருள். அவ்வழி நோக்கின், தன்மானமுள்ள பெண்ணொருத்தி காதலின் முன் தன் உறுதி தளர்வதைக் கண்டு தன்னையே சினந்து பாடுவதும் அரசியலின் புறத்ததன்று. தமிழ் அகப்பாடலில் தலைவன் தலைவியர்க்குப் பெயர் சுட்டப்படுவதில்லை. ஆதலால், அத்துயரினை எவரும் தமதாக்கிக்கொள்ளலாம். 'டைலேற்' பாடல்களும் 'நீ' என்றே விளித்துச் செல்கின்றன. அந்த 'நீ' யாரெனத் துருவியோர்க்கு அவை வம்பாயின. அதனைத் துருவாதோர்க்கு அவை தம் பாடல்களாயின.

சுவைஞர் கொண்டாடிய உரிமைக்குப் பொருளியற் காரணமும் உண்டு. பெருங்கம்பனியின் இசைத்தட்டை வாங்குபவர் தம்மை வாடிக்கையாளராகவே உணர்வார். ஒருவரின் கையிலிருந்தே ஒலிநாடாவை வாங்கியவரோ தம்மை அவருடைய பங்காளியாக உணர்வார். இவ்வெற்றியின் வேறொரு விளைவையும் டிஃபிராங்கோ சந்தித்தார். 1997 இல் 'மிஸ்' என்னும் பெண்ணிலைவாத இதழ் அவரைப் பாராட்டுகையில், ஓர் இசைத்தட்டுக்கு அவர் 4.25 டொலர் ஈட்டுகிறார் என்ற கணக்கினையும் எடுத்துரைத்தது. தம்மைப் பாட்டினால் மதியாது வருமானத்தால் அளந்தமையைக் கண்டித்து அவர் பகிரங்க மடல் எழுதினார். 1998 இல் வெளிவந்த 'லிற்றில் பிளாஸ்ரிக் காசில்' தொகுப்பின் தலைப்புப் பாடலிலோ, தம் தோற்றத்தை ஓயாது அளவிடும் கண்களை எள்ளலுடன் பாடினார்.

இவற்றைக் கொண்டு, சுவைஞர் எக்காலும் வாய்மூடியிருத்தல் வேண்டும் எனத் துணிதல் தவறாகும். 2013 இல் டிஃபிராங்கோ பாடலாக்கப் பயிற்சி முகாமொன்றினை அறிவித்தார். அதற்கெனக் குறிக்கப்பட்ட இடம், லூசியானா மாநிலத்தில் அடிமைகளின் உழைப்பால் செழித்து, பின்னாளில் விடுதியாக்கப்பட்ட நொற்றோவே என்னும் பெருந்தோட்ட மாளிகை. கறுப்பினப் பெண்கள் பலர் உட்பட அவருடைய பாடல்களை விரும்பியோரே வன்மையாகக் கண்டித்தனர். டிசம்பர் மாத இறுதியில் முகாம் கைவிடப்பட்டது. அவர் முதலில் விடுத்த அறிக்கை தற்காப்பாகவே ஒலித்தமையால் கண்டனம் தணியவில்லை. 2014 சனவரியில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். இங்கு கணக்குக் கேட்டோர் பக்கமே நியாயம் நின்றது.

1996 இல் தவறிய உரிமை 2013 இல் எவ்வாறு தகுதி பெற்றது? முன்னையது அவர் எதனை உணர வேண்டும் என விதிக்க முற்பட்டது. பின்னையது அவருடைய செயலொன்று பிறருடைய காயத்தைத் தீண்டிய பொழுது அதனைச் சுட்டிக்காட்டிற்று. கலைஞரின் பொதுச் செயலுக்கு அவர் அனைவர்க்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவர். அவருடைய நெஞ்சு நேசிப்பதற்கு அவ்வாறு எவர்க்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டவரல்லர். எல்லைக்கோடு எப்பொழுதும் இத்துணைத் தெளிவாக அமையும் எனக் கூறவியலாது. எனினும், ஒரு பெண்ணின் குரலை நம் குரல் எனப் பெருமையுடன் ஏற்றுக்கொள்வோர், அக்குரல் நாம் எதிர்பாராததைப் பாடும் நாளிலும் செவிமடுக்கக் கடமைப்பட்டவராவர். விடுதலையைப் பாடுபவருக்கு அதனை மறுப்போமாயின், நாம் அதுவரை கேட்டது அவருடைய பாடலையன்று. நமது விருப்பத்தின் எதிரொலியையே.