பறை கேட்டுக்கொண்டே எழுதிய அறிக்கை

எழுதும்போது பாட்டு கேட்பது எங்கள் மூவருக்கும் கல்லூரி விடுதியில் தொற்றிய பழக்கம். ஆய்வேடு எழுதிய இரவுகளில் பக்கத்து அறைச் சத்தத்தை மறைக்க ஹெட்போன் மாட்டினோம். பிறகு அது இல்லாமல் ஒரு பத்திகூட நகரவில்லை. சொல் உள்ள பாட்டு எழுத்துக்கு ஆகாது என்பது சீக்கிரமே புரிந்தது. பாட்டின் வரி நம் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடும். அதனால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’ இரண்டையும் தேயத் தேயக் கேட்டோம். அதுவும் சலித்தபோது பறைக்கு வந்தோம்.

கள ஆய்வு அறிக்கைக்குப் பறைதான் பொருத்தம் என்று நம்பினோம். அடி விழ விழ விரல்கள் ஓடும், கோபம் ஏறும். கோபம் ஏறினால் நன்றாக எழுதுகிறோம் என்றும் தோன்றும். (மாணவத் தோழர்களுக்கும் தோன்றியிருக்கும்.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில், ஊர்த்தெருச் சாவுக்குப் பறையடிக்க வர முடியாது என்று சொல்லிவிட்டார் ஒரு பெரியவர். அடுத்த சில நாளில் அவர் குடும்பத்துக்குக் கடையில் அரிசி இல்லை, டீ இல்லை, வயலில் வேலை இல்லை. இரண்டு மணி நேரம் அவர் பேசியதைப் பதிவு செய்தோம். அன்றிரவே அறிக்கை எழுதினோம். காதில் பறை.

வாசித்துக் காட்டப் போனோம். ‘ஆதி இசை’, ‘விடுதலை முழக்கம்’ என்றெல்லாம் வந்தது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இதெல்லாம் நான் எப்பச் சொன்னேன்? எங்கப்பா பொணம் எடுக்குற வரைக்கும் வெயில்ல நின்னு அடிச்சாரு. சோத்த எட்ட வச்சிட்டுப் போவாங்க. நான் முடியாதுன்னேன், அவ்ளோதான். கடைக்காரர் என்ன சொன்னாருன்னு சொன்னேனே, அது எங்க?”

அது அறிக்கையில் இல்லை. தேதியும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தண்டனைக்குரிய குற்றம். அதை நிரூபிக்கத் தேவை அந்தத் தேதியும் கடைக்காரர் வாயிலிருந்து வந்த சொல்லும்தான். முழக்கத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் என்ன செய்வார்? எதை அடிக்க மாட்டேன் என்றாரோ, அதையே காதில் ஓடவிட்டு அவர் கதையை எழுதியிருக்கிறோம் என்பதுகூட அதுவரை எங்களுக்கு உறைக்கவில்லை. பறையை மேடைக்குக் கொண்டுவந்த தோழர்களின் உழைப்பு பெரிது. எங்களுக்குப் பறை அந்த மேடையில் கிடைத்தது. அவருக்குச் சாவு வீட்டு வாசலில்.

ஹெட்போனில் அவர் பதிவை மட்டும் போட்டு மறுபடி எழுதினோம். அவருடைய இருமல், ஒரு சேவல், பேச்சுக்கு நடுவே அவர் மனைவி உள்ளிருந்து திருத்தியது: “செவ்வாயில்ல, புதன்.” முதல் தடவை இது எதுவும் எங்கள் காதில் விழவில்லை. மூன்று இரவு ஆனது. அறிக்கை பாதியாகச் சுருங்கியது, கொஞ்சம் வறண்டும் இருந்தது. பெரியவர் முழுவதும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும்போது, பேரனைப் பறைப் பயிற்சிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டோம். “அவன் ஆசப்பட்டா அடிக்கட்டும்” என்றார். “எவனும் வந்து கூப்பிடக் கூடாது.”