வண்டியின் நிறம்

ஒரு பொருளின் விலையை வணிகன் தீர்மானிக்கிறான். அதன் நிறத்தை வாங்குபவன் தெரிவு செய்கிறான். இதுவே நம்மிற் பலரது எண்ணம். விலையைப் பற்றி வாய்திறக்க இயலாத எளியவனுக்கும் நிறத்திலே ஒரு சுதந்திரம் உண்டு என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அண்மையில், கொட்டாஞ்சேனையில் வாழும் என் தமையனாரின் மகனோடு மோட்டார் சைக்கிள் பார்க்கச் சென்றபோதுதான் அந்நம்பிக்கையை மீண்டும் ஆராய நேர்ந்தது.

அவனுக்கு இருபத்துநான்கு வயது. முதல் உத்தியோகம். அவன் பாடசாலையில் இருந்த காலத்திலேயே, பந்தய வண்டியின் சாயலில் முன்புறம் கூராக மூடப்பட்டு, குனிந்து அமர்ந்து செலுத்தும் 'ஸ்போர்ட்ஸ் பைக்' ஒன்றின்மீது மனத்தை வைத்துவிட்டான். ஆனால் 2020 மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் வழி திறந்தபோது, அவன் கனவு அப்படியே இருந்தது. விலைதான் எங்கோ போயிருந்தது. இறக்குமதி வரிகளும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் அதன்மேல் ஏறி அமர்ந்திருந்தன.

அவன் உவமை காட்டும் வண்டி யமஹா ஆர் 15. இந்தியாவில் 2008ஆம் ஆண்டு அறிமுகமானபோது அதன் விலை ஓர் இலட்சம் இந்திய ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 150 சீசீ அளவே கொண்ட எஞ்சினுக்கு நீர்வழிக் குளிரூட்டலும் ஆறு கியர்களும் அளித்து, பெருவண்டிகளின் தோற்றத்தை நடுத்தர வர்க்கத்து இளைஞனின் வாசல்வரை அது கொண்டுவந்தது. அதன் நான்காவது வடிவம் 2021 செப்டெம்பரில் வெளிவந்தபோது, டில்லியில் சிவப்பு நிற வண்டிக்கு 1,67,800 ரூபாயும் நீல நிற வண்டிக்கு 1,72,800 ரூபாயும் விலை குறிக்கப்பட்டன. வேறுபாடு 5,000 ரூபாய். கிளச்சைப் பிடிக்காமலே கியரை உயர்த்த உதவும் ஓர் அமைப்பும் நீலத்துடன் சேர்த்தே வழங்கப்பட்டது. அதாவது, சிவப்பு வண்டியை எடுப்பவன் தான் குறைந்த விலை கொடுத்தவன் என்பதையும் வீதியெங்கும் அறிவித்துக்கொண்டே செல்வான். நிறம் இங்கே அழகு மட்டுமன்று, படிநிலையும் ஆகும்.

விலையும் நிறமும் கொண்ட இவ்வுறவு புதிதன்று. ஹென்றி போர்ட்டின் 'மொடல் ரி' கார் 1908இல் 850 டொலருக்கு விற்கப்பட்டது. பின்னர் விலை படிப்படியாக இறங்கி 260 டொலரை எட்டியது. 1914 முதல் 1925 வரை அக்கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. மலிவு வேண்டியவன் நிறத்தைத் துறந்தான். மாறாக, பந்தயக்காரர் பலர் பச்சையைத் துரதிர்ஷ்ட நிறமெனக் கருதிய காலத்தில், கவசாகி நிறுவனம் 1969இல் டேட்டோனாப் பந்தயத்துக்கு எலுமிச்சம் பச்சை வண்டிகளைக் கொண்டுசென்று, அந்நிறத்தையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. கண்ணிற் படுவதும் ஒரு முதலீடே என்பதை அந்நிறுவனம் அறிந்திருந்தது.

கண்ணிற் படாமல் இருப்பதற்காகப் பணம் கொடுத்தவன் நான். 1997ஆம் ஆண்டில் வெள்ளவத்தையில் ஓர் அறையில் தங்கியிருந்தபோது, பழைய ஜப்பானிய 125 சீசீ வண்டி ஒன்றை வாங்கினேன். இரத்தச் சிவப்பு. காலி வீதியில் அக்காலத்தில் நின்ற தடைகளில் எல்லாம் அச்சிவப்பு என்னைக் காட்டிக்கொடுப்பதாக எனக்குப் பட்டது. பஞ்சிகாவத்தைப் பக்கத்துச் சிறு பட்டறை ஒன்றில், அரை மாதச் சம்பளம் செலவழித்து அதற்குக் கறுப்பு வர்ணம் பூசுவித்தேன். ஊரிலுள்ள கறுப்பு வண்டிகளில் அதுவும் ஒன்றாகிவிட்டதென்று நிம்மதியடைந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு தடையில் வண்டியின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார்கள். புத்தகத்தில் நிறம் சிவப்பு என்றிருந்தது. எதிரே நின்றதோ கறுப்பு. "சிவப்பு எங்கே?" என்று சிங்களத்தில் வினவினார் ஒருவர். மிக எளிய வினா. பயத்தினால் அழித்தேன் என்ற உண்மையைச் சொன்னால் குற்றம் உறுதியாகும்; வேறெதைச் சொன்னாலும் பொய்யாகும். மாலை ஆறு மணிக்கு நிறுத்தப்பட்டவன் இரவு பதினொரு மணிவரை நின்றேன். தமையனார் கொட்டாஞ்சேனையிலிருந்து பட்டறைப் பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டு வந்த பின்னரே வீடு திரும்பினேன்.

அதே தமையனார்தாம் இன்று மகனிடம், "கறுப்பை எடு தம்பி. ஊத்தை தெரியாது, விற்கவும் சுகம்" என்கிறார். அவர் கூறும் காரணங்கள் இரண்டும் நியாயமானவை. கூறாத மூன்றாவது காரணத்தை நாங்கள் இருவர் மட்டுமே அறிவோம்.

"நீங்கள் சொல்லுங்கோ சித்தப்பா" என்று பையன் என்னைப் பார்த்தான். நீலத்துக்கான மேலதிகத் தொகை தவணையோடு சேரும்போது மாதந்தோறும் எவ்வளவு கூடும் என்று கடதாசியில் கணக்கிட்டுக் காட்டினேன். காலி வீதியின் வாகன நெரிசலில் கியர் மாற்றும் அந்த விசேட அமைப்பு பெரிதும் உதவாது என்பதையும், வணிகன் இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டி விற்கிறான் என்பதையும் ஓர் ஆசிரியனுக்குரிய பொறுப்போடு எடுத்துரைத்தேன். அவன் அமைதியாகக் கேட்டான். பின்னர், "தெரியும் சித்தப்பா. ஆனால் நான் வாறது தூரத்திலேயே தெரிய வேணும்" என்றான்.

அதற்கு மறுமொழி கூற என்னிடம் கணக்கு எதுவும் இருக்கவில்லை. கடதாசியை மடித்துவிட்டேன். தமையனாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அவன் விரும்பினதை எடுக்கட்டும்" என்றார்.

சென்ற வாரம் வண்டியின் பதிவுப் பத்திரம் வந்தது. பையன் அதில் தன் பெயரைப் பார்த்து மகிழ்ந்தான். தமையனாரோ கண்ணாடியை அணிந்துகொண்டு நிறம் குறிக்கப்பட்டிருந்த இடத்தைத் தேடிப் படித்தார். வாசலில் நின்ற நீல வண்டியை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் பத்திரத்தைப் படித்தார். பின்பு அதை என்னிடம் நீட்டினார். நானும் அந்த இடத்தையே படித்தேன்.