மச்சு

மனிதன் தனக்கென அமைத்துக்கொண்டவற்றுள் கூரையே முதன்மையானது. சுவரின்றி வாழ்ந்த மாந்தர் உளர். கூரையின்றி நிலைத்து வாழ்ந்தோர் அரியர். ஆயின், கூரை என்பது மழையை மறைப்பது மட்டுந்தானா? மலையகத்துத் தகரக் கூரையின் கீழ் ஓரிரவு துயின்றவர் இவ்வினாவுக்கு விடை தேடி அலையவேண்டியதில்லை.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. ஹற்றன் அதனினும் தாழ்ந்தது. தை, மாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில், நுவரெலியாவைச் சூழ்ந்த பள்ளங்களிலே புல்நுனிகள் உறைபனியால் வெளுத்துவிடும். அவ்விரவுகளில் தகரம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே துயில்வோரின் மூச்சும், அடுப்பிலே கொதித்த நீரின் ஆவியும் மேலெழுந்து அத்தகரத்தைத் தொட்டதும் நீராக ஒடுங்குகின்றன. விடியற்காலையில் அது சொட்டத் தொடங்கும். மழையில்லாத நாளிலும் ஒழுகும் கூரை இது.

ஹற்றனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலே, தொழிற்சாலையில் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வாழ்கிறார். லயத்துக்குப் பின்னால், மரக்கறிப் பாத்திக்கு அருகே, தனியே ஒரு பட்டறைக் கொட்டகையை அவர் அமைத்துக்கொண்டார். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. லயத்துக் காம்பராவின் அளவும் அதுவே. பிறந்தது முதல் கண்ட அளவு அதுவாகையால், வேறோர் அளவு அவர் கைக்கு வரவில்லை போலும். கதவு, யன்னல், கட்டில், சிலவேளை பிரேதப்பெட்டி என அங்கே வேலை நடந்தது.

குளிர் அவ்வேலைக்குப் பகையாயிற்று. வச்சிரம் இறுகவில்லை; இழைத்த பலகை ஈரமுறிஞ்சி ஊதியது; உளியும் வாளும் ஓரிரவிலே துருவேறின. எனவே கொட்டகைக்கு மச்சுப் போடுவதென அவர் தீர்மானித்தார்.

ஒருகாலத்தில் இலங்கைத் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளிலே கப்பலேறியது. ஈரம் புகாதிருக்க அப்பெட்டிகளின் உட்புறம் உலோகத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. பின்னர் கடதாசிச் சாக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கழித்துவிடப்பட்ட பெட்டிகள் சிலவற்றை அவர் பல்லாண்டு பேணிவந்தார். அவற்றைப் பிரித்து, 4 அடிக்கு 2 அடியாகப் பதினைந்து சட்டங்கள் அமைத்தார். இடையே மரச்சீவலை நிரப்பினார்.

முதல் முயற்சி தோற்றது. அடுத்த மழைக்காலத்திலே சீவல் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. கூரை ஒழுகவில்லை, ஈரம் கீழிருந்தே வந்தது. வெதுவெதுப்பான காற்று பலகை இடுக்குகளினூடாக ஏறி, குளிர்ந்த பக்கத்திலே நீராகியிருந்தது. இதனைக் கண்டதும் அவர் முறையை மாற்றினார். தேயிலைக்கு ஈரம் காத்த அதே உலோகத்தாளை நிரப்பலுக்குக் கீழே, அறையின் பக்கமாக, இடைவெளியின்றி ஒட்டினார். சீவலுக்குப் பதிலாகப் பழைய கம்பளிகளை அடுக்கினார். மழையிலே கொழுந்தெடுத்தோர் போர்த்திக் கிழிந்த கம்பளிகள் அவை. நிரப்பலுக்கும் தகரத்துக்குமிடையே ஒரு சாண் இடம்விட்டு, இறவாரத்தின் இருபுறமும் காற்றோட வழிசெய்தார். வெப்பத்தைக் காப்பது கம்பளியன்று, அதன் இழைகளுக்கிடையே அசையாது கிடக்கும் காற்றே என்பதை அவர் நூல் வழி கற்றாரல்லர்.

குறிப்பிடத்தக்க வேறொன்றும் உண்டு. அச்சட்டங்களுள் ஒன்றையேனும் அவர் ஆணியால் அறையவில்லை. யாவும் திருகாணியால் பூட்டப்பட்டிருந்தன. காரணம் கேட்டோருக்கு, “நெலம் தோட்டத்துது. எடுன்னு சொன்னா, கழட்டித் தோள்ல வச்சிக்கிட்டுப் போயிரலாமுல்ல?” என்றார்.

இவ்விடையிலே ஒரு சமூகத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அண்டை அயலாரைக் கப்பலேற்றியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. துரைமார் மாறினர், லயம் மாறவில்லை. ஆணி அறைவதென்பது ‘இங்கேயே இருப்பேன்’ என்று கூறுவதாகும். அவ்வாறு கூறும் துணிவை அவருக்கு யாரும் அளிக்கவில்லை.

அவருடைய தாய் எண்பதைக் கடந்தவர், நெஞ்சுச்சளியால் வருந்துபவர். மச்சு முடிந்தபின் வந்த தைமாதத்திலே ஒருநாள் கொட்டகைக்குள் வந்தமர்ந்த அவர், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னர் கேட்டார்: “உளிக்கும் வாளுக்கும் குளிரக்கூடாதுன்னு மச்சுப் போட்டே. எனக்குக் குளிரலாமா தம்பி?”

அவர் விடை கூறவில்லை. காம்பராவுக்கு மச்சுப் போடாமைக்குக் காரணம் இல்லாமலில்லை. விறகடுப்பின் புகை வெளியேறும் வழி, தகரத்துக்கும் சுவருக்குமிடையேயுள்ள அவ்விடுக்கேயாகும். அதனை மூடினால் குளிர் போகும், புகை தங்கும். நெஞ்சுச்சளிக்காரருக்குக் குளிரினும் புகை கொடிது. ஆயினும், தக்க காரணம் ஒன்று இருந்தமையாலேயே எத்தனை ஆண்டுகள் அதனைக் குறித்து எண்ணாதிருந்தோம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

அவ்வாரமே அடுப்பைப் பின்புறத்துச் சாய்ப்புக்கு மாற்றிப் புகைபோக்கி வைத்தார். பின்னர் கொட்டகை மச்சின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதினைந்து சட்டங்களும் காம்பராவிலே பிசகின்றிப் பொருந்தின. வெளியேற்றத்துக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டுவர உதவிற்று.

2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே 10,000 வீடுகள் குறித்து இந்தியப் பிரதமர் அறிவித்தார். அதே ஆண்டு டிசெம்பரில் வண்டு ஒன்றைக் காரணங்காட்டி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியபோது, அஸ்பெஸ்டஸ் கூரைத்தகட்டின் மீதான கட்டுப்பாட்டை அரசு தள்ளிவைத்தது. மலையகத்தவரின் தலைக்குமேல் எது இருக்கவேண்டும் என்பது பெரும்பாலும் அவர்களுக்கு அப்பாலேயே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளது. அந்த ஒரு காம்பராவில் மட்டும் அது உள்ளேயிருந்து தீர்மானிக்கப்பட்டது.

இப்பொழுது பட்டறை மீண்டும் வெறுந்தகரத்தின் கீழ் இருக்கிறது. உளிகளுக்கு இரவுதோறும் எண்ணெய் பூசப்படுகிறது. அயற் காம்பராக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து, அளவு கேட்டுச் செல்கின்றனர். அளவு சொல்வதில் அவருக்குச் சிரமமில்லை. எல்லாக் காம்பராவுக்கும் அது ஒன்றேதான்.