சிடி போட வழியில்லாத பொட்டி

மடிக்கணினியில சிடி போடற தட்டு எப்போ காணாமப் போச்சுன்னு யாராவது கவனிச்சீங்களா மக்களே? 2007-ல ஆசுஸ் ஈ பிசின்னு 7 அங்குலத் திரையோட ஒரு குட்டிப் பொட்டி வந்துச்சு. அதுல தட்டு கிடையாது. 2008 ஜனவரியில ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ள இருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். அதுலயும் கிடையாது. இன்னைக்குக் கடையில போய்த் தட்டு வச்ச மடிக்கணினி கேட்டா, நம்மளை ஒரு மாதிரி பாக்கறாங்க. ஆனாலும் 'ஓ.எஸ். போடணும்னா சிடி வேணும்'ங்கற நினைப்பு மட்டும் நம்ம மக்களை விட்டுப் போகல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். உபுண்டுக்காரங்க 2005-ல இருந்து 2011 வரைக்கும் கேட்டவங்களுக்கெல்லாம் சிடியை இலவசமா வீட்டுக்கே அனுப்பினாங்க. வெளிநாட்டுத் தபால் வந்திருக்குன்னு தெருவே எட்டிப் பாக்கும் :) அந்தச் சிடியில மொத்தம் 700 எம்பிதான் கொள்ளும். இப்போ லினக்ஸ் மின்ட் கோப்பு ஒண்ணே 3 ஜிபியை ஒட்டி வருது. தட்டு இருந்தாலும் சிடி உதவாது.

சரி, மேட்டருக்கு வருவோம். நாங்க இருக்கறது புனேயில, பிம்ப்ரி பக்கம். கீழ்த்தளத்துல ஒரு கோவில்பட்டிக் குடும்பம். அண்ணாச்சிக்கு போசரியில வேலை. பொண்ணு இந்த வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமா சேந்திருக்கா. வீட்டுல ஒரு பொட்டி இருக்கு, 2015-ல வாங்கினது, ஒல்லியா, தட்டு இல்லாதது. ஒரு நாள் அது விண்டோஸுக்குள்ள போகாம, தானே சரி பண்றேன் சரி பண்றேன்னு திரும்பத் திரும்பச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

தெருமுனைக் கடையில கொண்டு போய்க் காட்டியிருக்காங்க. "இதுல டிரைவ் இல்ல, வெளியில மாட்டற டிவிடி டிரைவ் வாங்கணும், எல்லாம் சேத்து 3000 ரூபாய். உள்ள இருக்கறது சப் உட் ஜாயேகா"ன்னுட்டாராம். அக்கா பொட்டியைத் திருப்பித் தூக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க.

"தம்பி, பொட்டி போனாப் போவுது. அதுக்குள்ள எங்க ஆச்சி பேசுனது இருக்கு."

2016 கோடை லீவுல ஊருக்குப் போனப்போ ஆச்சியைத் திண்ணையில உக்கார வச்சு, கதை, தாலாட்டு, யார் யாருக்கு என்ன உறவுன்னு எல்லாத்தையும் செல்போன்ல பதிஞ்சு வச்சிருக்காங்க. பொட்டிக்கு மாத்தினப்புறம் அந்தப் போன் எங்கயோ போயிடுச்சு. 2020 மே மாசம் ஆச்சி தவறினப்போ ஊரடங்கு. பாஸ் கிடைக்காம இங்கயே இருந்து அழுதிருக்காங்க. ஆக, அந்தக் குரல் உலகத்துல இருந்த ஒரே இடம் இந்தப் பொட்டிதான்.

இங்கதான் கடைக்காரர் கணக்கை யோசிச்சுப் பாருங்க. வெளியில மாட்டற டிவிடி டிரைவ் எதுல மாட்டும்? யுஎஸ்பியில. யுஎஸ்பி வழியா பொட்டி கிளம்பும்னா, அதே ஓட்டையில பென்டிரைவைச் சொருகினாலும் கிளம்பத்தானே போகுது? 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதுல முன்னாடி இருந்ததெல்லாம் அழிஞ்சிடும், கல்யாண போட்டோ இருக்கற பென்டிரைவை எடுத்துடாதீங்க.

நிறைய பேர் தடுமாறுற இடம் அடுத்தது. இறக்கின ஐஎஸ்ஓ கோப்பை மத்த கோப்பு மாதிரி பென்டிரைவுல காப்பி பண்ணி வச்சிட்டு, 'வரல வரல'ன்னு உக்காந்திருப்பாங்க. வராது. பொட்டி கிளம்பும்போது பென்டிரைவுல கிளம்பறதுக்கான நிரல் இருக்கான்னுதான் பாக்கும், உள்ள கிடக்கற ஒரு கோப்பைப் பிரிச்சுப் பாக்காது. அதனால ரூஃபஸ் மாதிரி ஒரு நிரல் வச்சு, அதைக் கிளம்பற மாதிரி 'எழுதணும்'. எழுதறதுக்கு முன்னாடி, இறக்கின கோப்போட ஷா-256 எண்ணை அவங்க தளத்துல போட்டிருக்கற எண்ணோட ஒத்துப் பாத்துடுங்க. இறக்கும்போது பாதியில கோளாறானா பின்னாடி புரியாத பிழையா வந்து உயிரை எடுக்கும்.

நான் லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எடுத்தேன். அது 2 ஜிபி ராம்லயே ஓடும், 4 ஜிபி இருந்தா சௌகரியம். அக்கா பொட்டியில 4. விண்டோஸே போடலாமேன்னு கேப்பீங்க. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவை நிறுத்திடுச்சு. 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், பிராசஸரும் புதுசா இருக்கணும். 2015 பொட்டி அந்தப் பட்டியல்லயே வராது.

பொட்டியைப் போட்ட உடனே எஃப்12 தட்டணும், சில கம்பெனியில எஃப்9, சிலதுல எஸ்கேப். லெனோவா சிலதுல பக்கவாட்டுல குண்டூசி நுழையற ஓட்டைக்குள்ள ஒரு பொத்தான் இருக்கும். எதுலேருந்து கிளம்பணும்னு பட்டியல் வரும், பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தா ஆச்சு.

லினக்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம், எதையும் நிறுவாமலேயே பென்டிரைவுல இருந்து முழு ஓ.எஸ்ஸும் ஓடும். ஹார்ட் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட மாறாது. 2000-த்துலயே நாப்பிக்ஸ் சிடி வந்தப்போ பாத்த வித்தைதான். திரை வந்ததும் கோப்பு மேலாளரைத் திறந்தா, பழைய விண்டோஸ் பகுதி அப்படியே தெரியுது. விண்டோஸ் சரியா மூடாம நின்னதால, படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாதுன்னு சொல்லுச்சு. நல்லதாப் போச்சு, நமக்குப் படிச்சா போதுமே.

14 கோப்பு. இன்னொரு பென்டிரைவுக்கு ஒரு பிரதி, என் பொட்டிக்கு ஒரு பிரதி. என் பொட்டியில ஒண்ணை ஓட விட்டேன். முதல்ல காக்கா சத்தம், யாரோ பாத்திரம் தேய்க்கற சத்தம், அப்புறம், "எய்யா, இது எரியுதா, பேசலாமா?"ன்னு ஆச்சி. அக்கா முந்தானையை வாய்க்குள்ள வச்சுக்கிட்டாங்க. தங்கமணி காபி போடறேன்னு எழுந்து அடுக்களைக்குப் போனவங்க ரொம்ப நேரம் வரல.

14-ஐயும் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுதான் அடுத்த வேலை. பிரதி எடுத்தாச்சுங்கறது வேற, பிரதி பாடுதாங்கறது வேற. அப்புறம் டிஸ்க்ஸ்னு ஒரு நிரல் இருக்கு, அதுல ஹார்ட் டிஸ்க்கோட ஸ்மார்ட் அறிக்கையைப் பாத்தேன். வட்டு நல்லாத்தான் இருந்துச்சு, கெட்டது விண்டோஸ் மட்டும். என்னைக் கேட்டா இந்த வயசுப் பொட்டிக்கு எஸ்எஸ்டி மாட்டிட்டு பழைய வட்டைத் தனியா எடுத்து வைக்கறதுதான் உத்தமம். அடுத்த போனஸுக்குப் பாக்கலாம்னு அண்ணாச்சி சொல்லிட்டார்.

நிறுவறது அரை மணி நேர வேலை, அதுல சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. விண்டோஸ் பக்கத்துலயே போடவா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போடவான்னு கேக்கும். அழிச்சிட்டுன்னு நான் அமுக்கறதுக்கு முன்னாடி, "பென்டிரைவு பத்திரமா இருக்குல்லா தம்பி?"ன்னு அக்கா மூணு தடவை கேட்டாங்க.

முடிஞ்சதும் வைஃபை வரல. இது நடக்கும், பயப்படாதீங்க. செல்போனை யுஎஸ்பி ஒயர்ல மாட்டி, இணையப் பகிர்வைப் போட்டா, பொட்டிக்கு அதுவே இணைப்பு. அங்கேருந்து டிரைவர் மேலாளர் தேவையானதை இறக்கிக்கிச்சு.

விண்டோஸ்தான் வேணும்ங்கறவங்களுக்கும் பென்டிரைவ் வழிதான். மைக்ரோசாஃப்ட்டே அதுக்கு ஒரு நிரல் இலவசமாத் தருது. விண்டோஸ் 8 காலத்துக்கு அப்புறம் விண்டோஸோட வந்த கம்பெனிப் பொட்டிகள்ல பெரும்பாலும் சாவி எண் பலகையிலயே பதிஞ்சிருக்கும், ஸ்டிக்கரைத் தேட வேண்டாம். ஒண்ணு மட்டும்: புதுப் பொட்டிகள்ல வட்டு மொத்தமும் பூட்டி வச்சிருக்கலாம். அதோட மீட்புச் சாவி இல்லாம, நான் மேல சொன்ன மாதிரி வெளியிலேருந்து படிக்க முடியாது. பொட்டி நல்லா ஓடும்போதே, கணக்குக்குள்ள போய் அந்தச் சாவியை ஒரு தாள்ல எழுதி வச்சிடுங்க.

பொண்ணுக்குத் தமிழ்99 போட்டுக் குடுத்தேன். புனேயிலயே பொறந்து வளந்தவ, எழுத்துக்கூட்டித்தான் படிப்பா. இப்போ சாயங்காலம் காதுல மாட்டிக்கிட்டு ஆச்சி சொன்ன கதையைத் தட்டச்சு பண்றா. "மாமா, செறுக்கின்னா என்ன?"ன்னு மேல வந்து கேட்டா. அதை அம்மாகிட்டயே கேட்டுக்கோம்மான்னு அனுப்பிட்டேன் :)

மூணாவது கதை ஓடிக்கிட்டு இருக்கு. அச்சடிச்சு ஊருல பெரியம்மாவுக்கு அனுப்பணும்னு அக்காவுக்கு ஆசை. பிரிண்டர் மட்டும் இன்னும் இந்தப் பொட்டியோட பேச மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை உக்காரணும்.