சொல்லுக்கும் வயது உண்டு

மறுமலர்ச்சிக் காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஓவியரும் இல்லை, சிற்பியும் இல்லை. ஒரு லத்தீன் வாத்தியார். பெயர் லொரென்ஸோ வல்லா. 1407 வாக்கில் ரோமில் பிறந்தவர். லியொனார்டோவைப் பற்றியும் மைக்கலாஞ்சலோவைப் பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெறும் மொழியறிவை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் மிகப் பெரிய சொத்துப் பத்திரம் ஒன்றைப் போலி என்று காட்டிய இவரைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேச்சில்லை.

அந்தப் பத்திரத்துக்கு 'கான்ஸ்டன்டைனின் நன்கொடை' என்று பெயர். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குத் தொழுநோய் வந்ததாம், போப் சில்வெஸ்டர் குணப்படுத்தினாராம். அந்த நன்றிக்கு லாட்டரன் அரண்மனை, ரோம், இத்தாலி, பேரரசின் மேற்குப் பகுதி எல்லாவற்றையும் போப்புக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். போப் ஆன்மிகத் தலைவர் மட்டுமல்ல, மன்னர்களுக்கும் மேலான ஆட்சியாளர் என்று வாதாட இடைக்காலம் முழுக்க இந்தக் காகிதம் பயன்பட்டது.

1440இல் வல்லா அதைக் கையில் எடுக்கிறார். முதலில் சாதாரண புத்தியில் தோன்றும் கேள்விகள். எந்த அரசன் பாதி ராஜ்ஜியத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பான்? பிள்ளைகள் விட்டுவிடுவார்களா? போப் அரசாண்டார் என்றால் அவர் பெயரில் அடித்த காசு எங்கே? பழைய பேரரசர்களின் நாணயங்கள் கிடைக்கின்றன, சில்வெஸ்டருடையது ஒன்றுகூட இல்லையே.

அடுத்து பத்திரத்தின் மொழிக்கு வருகிறார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரோம அதிகாரிகளைப் பட்டியல் போடும்போது பத்திரம் 'சத்ரப்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அது பாரசீக ஆளுநர்களுக்கான பெயர். ரோம ஆணைகளில் அதற்கு என்ன வேலை? ராஜராஜ சோழன் பெயரில் ஒரு செப்பேடு கிடைத்து, அதில் 'தாசில்தார்' என்று இருந்தால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. துணிப்பட்டையாக இருந்த மகுடத்தைப் பத்திரம் தங்கமும் ரத்தினமும் என்று வர்ணிக்கிறது. கான்ஸ்டன்டினோபிள் அப்போது கிறிஸ்தவத் தலைமைப்பீடம் ஆகியிருக்கவில்லை, அந்தப் பெயரில் நகரமே இன்னும் எழவில்லை. பத்திரமோ அதைத் தலைமைப்பீடங்களில் ஒன்றாகச் சொல்கிறது. வல்லா இதையெல்லாம் அமைதியாகச் சொல்லவில்லை. போலி எழுதியவனைக் கூப்பிட்டு நிறுத்தி, முட்டாளே என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே எழுதுகிறார்.

அந்தப் பத்திரத்தைச் சந்தேகித்தவர்களில் வல்லா முதல் ஆள் இல்லை. 1433லேயே குசாவின் நிக்கோலஸ் என்ற அறிஞர், பழைய ஆவணங்களில் இப்படியொரு கொடைக்குத் தடயமே இல்லை என்று எழுதிவிட்டார். வல்லா கூடுதலாகச் செய்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் பிறந்த தேதி உண்டு, அதைக் கொண்டு ஓர் ஆவணத்தின் வயதைச் சொல்லலாம் என்று காட்டியது. இன்று அந்தப் பத்திரம் எட்டாம் நூற்றாண்டை ஒட்டி உருவானது என்கிறார்கள்.

நிரல் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது. பழைய கோப்பு ஒன்றின் தலையில் 2011 என்று போட்டிருக்கும். உள்ளே போனால் ஜாவா லாம்ப்டா இருக்கும். லாம்ப்டா ஜாவாவுக்கு வந்ததே 2014இல். தேதியை யார் வேண்டுமானாலும் தட்டலாம், பிறக்காத வாக்கிய அமைப்பை எழுத முடியாது. 2017இல் பாகிஸ்தானில் நடந்த ஊழல் விசாரணை ஒன்றில் 2006 தேதியிட்ட ஆவணம் கேலிப்ரி எழுத்துருவில் இருந்ததுதான் பெரிய சர்ச்சை ஆனது. அந்த எழுத்துரு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 2007இல். வல்லா இருந்திருந்தால் குதித்திருப்பார்.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் இது நடக்கும். ஒருமுறை மாமா ஒரு கடிதத்தை அனுப்பினார். 1920களில் ஒரு தலைவர் தமிழில் எழுதியதாம். அதில் 'மூளைச்சலவை' என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு மூலமான ஆங்கிலச் சொல்லே 1950இல்தான் புழக்கத்துக்கு வந்தது. இதை எழுதிப் போட்டேன். மாமாவின் பதில் ஒரே வரி: "அதெல்லாம் இருக்கட்டும்டா, நீ இப்ப எந்தக் கட்சி?"

அந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. வல்லாவிடமும் அதைக் கேட்கலாம், கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். அவர் அப்போது அரகான் மன்னர் அல்ஃபோன்சோவின் செயலாளர். அல்ஃபோன்சோ நேப்பிள்ஸ் அரியணைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்தார். போப் நான்காம் யூஜின் எதிர்த் தரப்பை ஆதரித்தார். அதாவது போப்பின் அதிகாரப் பத்திரத்தை வல்லா உடைத்தது, சம்பளம் கொடுத்த எஜமானருக்கு வசதியான வேளையில். இன்று என்றால் ஒரே வார்த்தையில் கதையை முடித்திருப்போம், 'காசு வாங்கிட்டு எழுதுறான்' என்று.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1443இல் மன்னரும் போப்பும் சமாதானம் ஆகிவிட்டார்கள். புத்தகத்துக்கான அரசியல் தேவை தீர்ந்தது. 'சத்ரப்' மட்டும் அங்கேயே இருந்தது, அதை யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. 1510களின் இறுதியில் உல்ரிக் வான் ஹட்டன் அந்தப் புத்தகத்தை ஜெர்மனியில் அச்சிட்டார், 1520இல் மார்ட்டின் லூதர் அதைப் படித்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கத்தோலிக்கத் தரப்பின் வரலாற்றாசிரியர் பரோனியஸே பத்திரம் போலி என்று ஏற்க வேண்டிவந்தது. எழுதியவர் என்ன நோக்கத்தில் எழுதினார் என்பது அந்தக் காலத்தோடு போய்விட்டது. சரிபார்க்கக்கூடிய சான்று நின்றது.

இன்னொன்று, வல்லா தனக்குப் பிடித்த நூல்களிடமும் இதே கேள்வியைக் கேட்டார். திருச்சபை பயன்படுத்திய லத்தீன் பைபிளைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு எங்கெல்லாம் பொருந்தவில்லை என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளின் கையெழுத்துப் படி 1504இல் எராஸ்மஸின் கண்ணில் பட்டது. 1505இல் அச்சிட்டார். 1516இல் எராஸ்மஸ் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் இந்த வாத்தியாரின் சிவப்பு மையும் இருக்கிறது.

இதற்கு வல்லா விலையும் கொடுத்தார். அப்போஸ்தலர்கள் ஆளுக்கொரு வரியாகச் சேர்ந்து இயற்றியதாகச் சொல்லப்பட்ட விசுவாசப் பிரமாணத்தை, அப்படி இல்லை என்று மறுத்ததும் சேர்ந்து, 1444இல் விசாரணை மன்றத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. மன்னர் தலையிட்டதால் தப்பித்தார். அவர் சொன்னது சரி என்பது அவரைக் காப்பாற்றவில்லை, மன்னரின் கைதான் காப்பாற்றியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். பின்னால் நிற்க ஆளில்லாத எத்தனை வல்லாக்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்!

மாமாவுக்கு அப்புறம் நான் கட்சி பற்றி எதுவும் எழுதவில்லை. "அந்தச் சொல் அந்தக் கடிதத்துக்குள்ள எப்படி வந்துச்சு மாமா?" என்று மட்டும் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை, கடிதமும் அதற்குப் பிறகு வரவில்லை.

வல்லாவின் கதையில் கடைசித் திருப்பம் இது. புலமையை மதித்த ஐந்தாம் நிக்கோலஸ் போப் ஆனதும், 1448இல் வல்லாவையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார், துசிடிடீஸின் வரலாற்றை லத்தீனில் மொழிபெயர்க்கச் சொன்னார். 1457இல் இறந்த வல்லாவின் கல்லறை ரோமில் லாட்டரன் பேராலயத்தில் இருக்கிறது. அவர் பொய்யென்று காட்டிய பத்திரம் போப்புக்கு எழுதிக் கொடுத்த அரண்மனை அதை ஒட்டித்தான் இருந்தது.